ஜெயசீலி ஆன்ட்டியின் வெளிநாட்டு விண்ணப்பங்கள்

முதல் தாளை மொழிபெயர்த்ததும் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மொபைல் கேமராவைச் சட்டையில் துடைத்து, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்து, திரும்பவும் படம் எடுத்தேன். அதேதான் வந்தது. ‘எங்கள் சூதாட்ட அறைக்கு வரும் புதிய விருந்தினருக்கு முதல் முப்பது சுழற்சிகள் இலவசம்.’

தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால் சாய்வான கையெழுத்தில் எழுதியிருந்தது: 14.6.2012. வியாழன் உபவாச ஜெபத்தில் வைக்கப்பட்டது. மறுமொழி அனுப்பப்பட்டது.

அது ஜெயசீலி ஆன்ட்டியின் கையெழுத்து. வருகிற ஞாயிறு எங்கள் சபையின் ஆண்டு விழா. அதில் அவர் மைக் முன்னால் நின்று இந்தக் கடிதங்களில் பத்தைத் தமிழில் வாசிப்பதாக ஏற்பாடு. அன்றைக்குப் புதன்கிழமை.

பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, தகரக்கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. பாதிப் பேர் படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். ஜெயசீலி ஆன்ட்டி அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தி நாலு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். கணவர் தவறிவிட்டார். மகன் மஸ்கட்டில். ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து நாகர்கோவில், கோயம்புத்தூர், வளைகுடா என்று சிதறிப்போன குடும்பங்கள் தொடர்பு விட்டுப் போகக்கூடாது என்று 2011இல் யாரோ ஒரு பையன் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கிக் கொடுத்தான். ஜெப விண்ணப்பம், வாடகைக்கு வீடு, வரன், மரணச் செய்தி எல்லாம் அதில்தான். யார் எழுதினாலும் கடிதம் முதலில் ஜெயசீலி ஆன்ட்டிக்கு வரும். அவர் அனுமதித்தால்தான் முந்நூற்று நாற்பது பேருக்கும் போகும். வாட்ஸப் வந்த பிறகும் விண்ணப்பங்கள் மட்டும் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவில் ஒருத்தருடைய ஆபரேஷன் செய்தி தொலைந்துபோவது அவருக்குப் பிடிக்கவில்லை.

குழுவின் முகவரியைச் சபையின் இணையப் பக்கத்திலும் துண்டுப் பிரசுரத்திலும் போட்டிருந்தார்கள். ஆறே மாதத்தில் முதல் ரஷ்யக் கடிதம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த எழுத்தைப் பார்த்ததுமே அழித்திருப்பார்கள். அவர் அழிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நாசரேத்தில் பதினொரு வயதில், அப்பா படுக்கையில் கிடந்தபோது, ஒரு சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தின் பின்னால் அச்சிட்டிருந்த வெளிநாட்டு விலாசத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் போட்டாராம். இரண்டு மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது. அது எந்தப் பாஷை என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போஸ்ட் மாஸ்டர், பள்ளிக்கூட வாத்தியார், சர்ச் ஐயர் எல்லோரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “அவங்களுக்கும் என் தமிழ் புரிஞ்சிருக்காதுல்லா. ஆனா தூரப் போடலயே, பதில் போட்டாங்களே” என்று ஆன்ட்டி ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் வரும் விளம்பரங்களை அவருக்கு அடையாளம் தெரியும், உடனே நீக்கிவிடுவார். படிக்கத் தெரியாத எழுத்தில் வருவதை எல்லாம் பிரின்ட் எடுப்பார். வியாழன் காலை பத்து மணிக்கு உபவாச ஜெபத்துக்கு வரும் ஏழெட்டுப் பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அந்தத் தாள்கள் மேல் கை வைத்து, இந்தப் பாஷை எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும் ஆண்டவரே என்று ஜெபிப்பார்கள். பிறகு ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் தமிழில் பதில் அடிப்பார். அந்தக் கடிதங்கள் குழுவுக்குப் போகாது, அடுத்தவர் ரகசியம் என்று ஃபைலுக்குள் போய்விடும். மொபைலில் மொழிபெயர்க்க முடியும் என்று யாரோ சொன்னபோதுகூட, கேட்டவர் ஆண்டவரிடம் கேட்டுவிட்டார், அதைப் பிரித்துப் பார்க்க நாம் யார் என்றிருக்கிறார்.

சபைக்குத் தெரிந்ததெல்லாம் ஆண்டறிக்கையில் வரும் ஒரு எண் மட்டும்தான். ‘வெளிநாட்டு விண்ணப்பங்கள்’ என்று ஒரு வரி. இந்த வருஷத்தோடு மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருஷா வருஷம் கை தட்டியிருக்கிறேன்.

பாஸ்டர் சத்தியராஜ் எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எண்ணை மட்டும் வாசித்தால் போதாது, பத்துக் கடிதத்தையாவது ஜனங்கள் கேட்கட்டும் என்று அவர்தான் யோசனை சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் மெயில்களைத் தரம் பிரிப்பது என் வேலை. அதனால் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆன்ட்டிக்கு அரை மனசுதான். பெயர்களை மட்டும் வாசிக்கக் கூடாது என்று சொல்லி, பதினோரு பாக்ஸ் ஃபைல்களையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

சீனத்தில் இருந்தது போலி ரசீது விற்கிறவன் கடிதம். போர்த்துகீசியத்தில் தொப்பை கரைக்கும் சொட்டு மருந்து. ஜப்பானியத்தில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்தவும். பத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்றாவது மனுஷன் எழுதியதாக இருக்காதா என்று எழுபது வரைக்கும் போனேன். ‘நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்’ என்று ஒன்று தொடங்கியது. அதை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு சிறுபத்திரிகையின் நடுப்பக்கத்தில் இருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டிருப்பேன். அடுத்த வரியில் மாத்திரையின் விலை இருந்தது.

மறுநாள் வியாழன். சொல்லிவிடுவது என்று சபைக்குப் போனேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அன்றைய கட்டு கனமாக இருந்தது. நெமிலிச்சேரியிலிருந்து வரும் கன்னியம்மா, ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்பவள், வார விடுமுறையை வியாழனுக்கு மாற்றி வாங்கியவள், மாரியம்மன் கோயிலுக்கும் போவாள் இங்கேயும் வருவாள், இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தாளின் மேல் வைத்திருந்தாள். அவள் கைக்குக் கீழே ஒரு பெண்ணின் வண்ணப் படம் பாதி தெரிந்தது. கன்னியம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். மெயில் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, டீ போடப் போனார். அனுப்பிய கடிதங்களைத் திறந்தேன்.

‘அன்பானவரே, உங்கள் கடிதம் கிடைத்தது. எங்களால் அதை வாசிக்க முடியவில்லை. ஆனாலும் உங்களுக்காக ஜெபித்தோம். தைரியமாயிருங்கள். சகோதரி ஜெயசீலி.’ அதற்குக் கீழே கதவு எண், தெரு, பருத்திப்பட்டு, ஆவடி, மொபைல் எண். இரண்டாயிரத்து அறுநூறு முறை. உலகத்தில் இருக்கிற அத்தனை மோசடிக்காரனுக்கும் தனியாக இருக்கும் ஒரு பெண்மணி தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்தது. முதல் வருஷம் நாற்பத்தொரு கடிதம். ஐந்தாம் வருஷம் நூற்றி அறுபது. போன வருஷம் ஐந்நூறுக்கு மேல். இப்படிக் குப்பை அனுப்புகிறவன் லட்சம் முகவரிக்கு அனுப்புவான், பதில் வந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொள்வான், அதை இன்னும் பத்துப் பேருக்கு விற்பான். என் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

“வருஷா வருஷம் கூடுது பாத்தியா” என்றார் ஆன்ட்டி, டம்ளரை என் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அந்த நேரத்தில் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இவை விளம்பரங்கள். யாரும் எதுவும் கேட்டு எழுதவில்லை. இயந்திரம் அனுப்புகிறது. நீங்கள் பதில் போடப் போட அது இன்னும் அனுப்புகிறது. மாத்திரை, சூதாட்டம், பொய் ரசீது. அதற்கும் மோசமானதும் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தபோது புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“எல்லாமேவா?”

“நான் பார்த்த எழுபதும் ஆன்ட்டி.”

அலமாரிக்குப் போய் ஒரு தாளை எடுத்து வந்தார். முந்தின நாள் கன்னியம்மா கை வைத்திருந்த படம். ஆறு வருஷமாக மாதம் தவறாமல் வரும் கடிதமாம். பெண்கள் எல்லோரும் இவளை ‘அந்த மகள்’ என்றுதான் சொல்வார்களாம். நான் மொபைலை அதன் மேல் பிடித்தேன். ‘நான் உன் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டரில் இருக்கிறேன், இன்றிரவு’ என்று தொடங்கியது. அதற்கு மேல் அவர் முன்னால் படிக்க முடியவில்லை.

“இதுவும் விளம்பரம்தான்” என்றேன்.

“படத்துல இருக்கது ஒரு பொண்ணுதானே? ஒருத்தி போய் நின்னுதானே இந்தப் படத்தை எடுத்திருப்பாங்க?”

மொழிபெயர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஒரு தடவைதான் காட்டினேன்.

சனிக்கிழமை மதியம் போனபோது மேசையில் நாலு ஃபைல் முடிந்திருந்தது. ஸ்டோர்ஸில் வந்த சரக்கைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு தாளாக எடுத்து, படம் பிடித்து, வாசித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். சூதாட்டம். மாத்திரை. போலி ரசீது. சிலவற்றில் எதுவும் எழுதாமல் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார். கவிழ்த்தவை தனிக் கட்டாக உயர்ந்திருந்தன.

பக்கத்தில் இன்னொரு நோட்டு திறந்திருந்தது. உறுப்பினர்களின் விண்ணப்பங்கள் எந்தத் தேதியில் வந்தன, எந்தத் தேதியில் குழுவுக்கு அனுப்பினார் என்ற பதிவு. அதில் சில வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். தூரத்தில் இருப்பவர்களுக்கு யாருமில்லை, நம் ஆட்களுக்கு நாம் இருக்கிறோம் என்று வெளிநாட்டுக் கடிதங்களைத்தான் முதலில் பார்ப்பாராம். அவை கூடக் கூட நம் ஆட்களின் கடிதங்கள் காத்திருந்திருக்கின்றன. நான்கு நாள், ஆறு நாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த, பெனிட்டோ அண்ணனின் இருதய ஆபரேஷனுக்கான விண்ணப்பம் ஒன்பது நாள். குழுவுக்குப் போனபோது ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தார். அந்த வரியில் வட்டம் இரண்டு முறை அழுத்திப் போடப்பட்டிருந்தது.

பாஸ்டர் வந்தார். நான்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். அறிக்கை முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது, தலைமைக்கும் ஒன்று போய்விட்டது, கடிதம் வாசிப்பதை மட்டும் விட்டுவிடலாம், ஜெபம் எதுவும் வீணாகாது, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். ஆன்ட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் பெயர் நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவது என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதும் வடிகட்டி போடச் சொன்னார். தமிழ், ஆங்கிலம் தவிர வேறு எழுத்தில் வருவது எதுவும் பெட்டிக்குள் நுழையாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி அமைத்தேன். ஜாஸ்லினின் மாமியார் மலையாளத்தில் எழுதுவார், அது வர வேண்டும் என்றார். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் எந்த எழுத்தில் எழுதினாலும் விடும்படி மாற்றினேன். கடைசிப் பொத்தானை நான் அழுத்தப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு அவரே அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. வெள்ளைப் புடவையில் மேடையேறினார். பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் அழவில்லை. அலுவலகக் குறிப்பு வாசிப்பது போலத்தான் வாசித்தார். அறிக்கையில் நாலாம் பக்கம் இருக்கும் எண் தவறு. அவை விண்ணப்பங்கள் இல்லை, விளம்பரங்கள். அதன் பிறகு, வாசிப்பதாகச் சொல்லியிருந்தபடி, வாசிக்கக்கூடிய பத்தையும் வாசித்தார். முப்பது சுழற்சிகள் இலவசம் என்றபோது வாலிபர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தொப்பை கரைக்கும் சொட்டு மருந்துக்கு இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு சிரிப்பும் முடியும்வரை நின்று, அடுத்ததை வாசித்தார். ஆறாவதில் சிரிப்பு நின்றுவிட்டது.

“இவங்களுக்கு ராத்திரி பகலா பதில் போட்டேன். நான் பதில் போட்டதாலதான் இவ்வளவு வந்துச்சாம். அதுக்கு நடுவுல உங்க கடுதாசியக் காக்க வச்சேன்” என்றார்.

சிவப்பு வட்டமிட்ட பெயர்களையும் தேதிகளையும் சொன்னார். பதினேழு பேர். சிலர் குனிந்துகொண்டார்கள். பெனிட்டோ அண்ணனின் பெயர் கடைசியில் வந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து அவர் மெதுவாக எழுந்தார். பரவாயில்லை சிஸ்டர் என்று சொல்லப் போகிறார், எல்லோரும் கை தட்டுவோம் என்று நினைத்தேன்.

“எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர்” என்றார். “ஆஸ்பத்திரியில கெடந்து தெனமும் மெயிலத் தொறந்து பாப்பேன். வேணும்னே போடலன்னு நெனச்சேன். அதுல இருந்துதான் உங்ககூடப் பேசறது இல்ல.”

ஆன்ட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். மூன்று வருஷமாக அவர் பேசாததை ஆன்ட்டி கவனித்ததே இல்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அந்த ஐந்து நாளில் நான் கண்ட எதையும்விட அந்த நிமிஷம்தான் என்னை உலுக்கியது. பெனிட்டோ அண்ணன் உட்கார்ந்தார். பாட்டுக்குழுவில் யாரோ நேரம் பார்த்து ஆர்மோனியத்தை அமுக்கினார்கள்.

அடுத்த வியாழன், வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் போயிருந்தேன். குப்பையில் பதினொன்று. பெட்டியில் மூன்று. ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒரு பையனுக்கு நுழைவுத் தேர்வு, வேப்பம்பட்டில் ஒரு வீட்டு மனைத் தகராறு. மூன்று தாள்தான் பாயின் நடுவில் இருந்தது. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருத்தியாவது வராமல் இருப்பாள் என்று ஆன்ட்டி எதிர்பார்த்தது தெரிந்தது.

“அப்ப இன்னா,” என்றாள் கன்னியம்மா, உட்காரும்போதே, “இம்மா வருஷமா சீட்டாட்டக்காரனுக்கா முட்டி போட்டோம்? அவன் நல்லா ஜெயிச்சிருப்பான். எனக்குத்தான் முட்டி தேஞ்சி போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டிகூட. பத்து இருபதுக்கெல்லாம் மூன்று தாளும் முடிந்துவிட்டன. வழக்கமாகப் பன்னிரண்டு வரை போகும். யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வெறும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இங்கே இருக்கிறவர்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

ஆன்ட்டி பைபிளை மூடப் போனார்.

“எம் புள்ள லோகு ஊட்ட உட்டுப் போயி எட்டு மாசம் ஆவுதுமா” என்றாள் கன்னியம்மா.

குரல் அப்போதும் முட்டி தேய்ந்ததைச் சொன்ன அதே குரல்தான். இருபத்தி ரெண்டு வயசாம். வேலைக்குப் போகிறேன் என்று போனவனாம். போன் அணைந்து கிடக்கிறதாம். போன வியாழன் அந்தப் பெண்ணின் படத்தின் மேல் கை வைத்து அவள் அழுதது எனக்கு நினைவு வந்தது.

“எட்டு மாசமா? வாராவாரம் இங்கதானே உக்காந்திருந்த? ஏன் சொல்லல?” என்றார் ஆன்ட்டி.

“நீங்கல்லாம் எங்கியோ கீறவங்களுக்காவ அழுதுகினு இருந்தீங்க. அதுல நா எங்க பூந்து சொல்றது. நானும் அப்படியே சேந்து அழுதுட்டுப் போயிருவேன்.”

“போலீஸ்ல சொன்னியா?”

“யார்கிட்டப் போயி இன்னான்னு எழுதிக் குடுக்கறதுன்னு தெர்லமா.”

ஆன்ட்டி கண்ணை மூடவில்லை, கையை உயர்த்தவில்லை. முடிவு ஜெபம் சொல்லாமலே எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்தார். மற்ற பெண்கள் பாயிலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். “எந்திரி” என்றார் கன்னியம்மாவிடம். என்னைப் பார்த்து, “நீயும் வா. புகார் எழுதணும், உன் எழுத்து தெளிவா இருக்கும்” என்றார்.

ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் விவரமெல்லாம் எழுதி வைத்துவிடலாம் என்று ஆன்ட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். உயரம், நிறம், படிப்பு, கடைசியாகப் பேசிய தேதி. கன்னியம்மா சொல்லச் சொல்ல நான் மடியில் வைத்து எழுதினேன்.

“போன அன்னிக்கு என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?”

“நீலம்” என்றாள் கன்னியம்மா. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “இல்லமா. நீலம் இல்ல.” இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். “தெர்லமா. எட்டு மாசம் ஆச்சே.”